மதுரை வீட்டில் காக்கர் ஸ்பேனியல்: குட்டி வருவதற்கு முன்பிருந்து முதல் கோடை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

காக்கர் ஸ்பேனியல் 38 முதல் 41 செ.மீ. உயரமும் ஏறத்தாழ 13 முதல் 14.5 கிலோ எடையும் கொண்ட நடுத்தர நாய். துப்பாக்கியோடு செல்லும் ஆளுக்கு முன்னால் புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்புவதும், சுடப்பட்ட பறவையைக் கவ்விக்கொண்டு வந்து கையில் ஒப்படைப்பதும் இதன் தொழில். சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாட்டு நாய்களை வளர்த்துப் பழகிய நம் பக்கத்துக் குடும்பங்கள் இதையும் அதே கணக்கில் வளர்க்கத் தொடங்குவதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் ஆரம்பிக்கின்றன. அவை கண்ணால் பார்த்து விரட்டும் நாய்கள். இதுவோ மோந்து தேடும் நாய், தேடும்போதே தன் ஆள் எங்கே நிற்கிறார் என்று அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொள்ளும் நாய்.

"நன்றாக ஓடவிட்டால் அடங்கிவிடும்" என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. தினமும் ஓடவிடப்பட்ட காக்கர் அடங்குவதில்லை. இன்னும் அதிக தூரம் ஓடத் தெம்புள்ள காக்கராக மாறுகிறது. போதாததற்கு, பங்குனி முதல் ஆவணி வரை மதுரையில் பகல் நேரத்தில் எந்த நாயையும் ஓடவிட வழியில்லை. எனவே கீழே உள்ள படிகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் அமைந்துள்ளன: முதலில் வீடு, அடுத்து அழைத்தால் வரும் பழக்கம், அதன் பிறகு மூக்குக்கு வேலை, கடைசியில்தான் கால்களுக்கு ஓட்டம். இந்த வரிசையை மாற்றினால் ஒவ்வொரு படியும் இரட்டிப்பு உழைப்பைக் கேட்கும்.

1. குட்டியைத் தேடுவதற்கு முன் நேரத்தைத் தேடுங்கள்

அதிகாலையில் ஒரு மணி நேரம், இருட்டிய பின் அரை மணி நேரம், இடையில் பத்துப் பத்து நிமிடங்களாக மூன்று முறை: வீட்டில் யாராவது இவ்வளவு நேரத்தைத் தினமும் ஒதுக்க முடியுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கொடுக்கும் வாக்கை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்; தேர்வு நேரம் வந்தால் அந்தப் பொறுப்பு அம்மாவிடமோ பாட்டியிடமோதான் வந்து நிற்கும். ஆகவே, அவர்களுடைய சம்மதம்தான் உண்மையான சம்மதம்.

கணவனும் மனைவியும் காலையில் வேலைக்குக் கிளம்பி மாலையில் திரும்பும் வீட்டில், பகலில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லையென்றால், இந்த இனம் வேண்டாம். ஆளோடு சேர்ந்து வேலை செய்வதற்காகவே உருவான நாய் நாள் முழுதும் தனியாகக் கிடந்தால் குரைக்கும், கதவைப் பிறாண்டும், தன் பாதத்தையே நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். வாடகை வீடாக இருந்தால் வீட்டு உரிமையாளரிடம் முன்னதாகவே பேசிவிடுங்கள். குட்டியைக் கண்டால் அவர் மனம் மாறிவிடும் என்று நம்பிக் கொண்டுவந்தவர்கள், சில மாதங்களில் நாய்க்கு வேறு வீடு தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

2. எந்தக் குட்டி, எந்த மாதம்

குட்டியின் தாயை நேரில் பாருங்கள். தாய் அந்நியரைக் கண்டு பதுங்கினாலோ, தட்டருகே வந்தவரைப் பார்த்து உறுமினாலோ, அந்த ஈற்றை விட்டுவிடுவது நல்லது. சுபாவத்தில் ஒரு பங்கு பிறப்போடு வருவது. தாயின் காதைத் தூக்கி முகர்ந்து பார்க்கத் தயங்க வேண்டாம். புளித்த வாடை அடித்தால், தாயை எப்படிப் பராமரிக்கிறார்கள் என்பதை அந்த வாடையே சொல்லிவிடும். இந்த இனத்தில் விழித்திரை படிப்படியாகச் சிதையும் பரம்பரை நோயும், இளவயதிலேயே சிறுநீரகம் கெடும் பரம்பரை நோயும் உண்டு. தாய் தந்தைக்கு இவற்றுக்கான பரிசோதனை நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். கேள்விக்கு எரிச்சல்படுபவரிடம் வாங்க வேண்டாம்.

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளில் உள்ளது. சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கடியின் வேகத்தை அடக்கிக்கொள்ளும் பாடத்தைக் குட்டி தன் தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான் கற்றுக்கொள்கிறது. 35 நாளில் பிரித்துக் கொண்டுவரப்பட்ட குட்டி, ஏற்கெனவே வாயால் உலகத்தை அளக்கும் இனத்தில், குழந்தைகளின் கையைக் கடித்துக் கடித்துப் பழகும்.

மாதத்தைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. என் யோசனை, தீபாவளி முடிந்த பிறகு, கார்த்திகையில் கொண்டுவருவது. அப்போது வந்த குட்டிக்கு மாசிக்குள் தடுப்பூசிகள் முடிந்துவிடும், குளிர்ந்த காலை வேளைகளில் வெளியே நடந்து பழகும், சித்திரை வெயில் வருவதற்குள் அழைத்தால் வரும் பழக்கம் ஓரளவு படிந்திருக்கும். கோடை விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள் என்று மே மாதத்தில் வாங்கினால், குட்டி வெளியுலகைப் பார்க்க வேண்டிய வாரங்கள் முழுவதும் மின்விசிறிக்கு அடியிலேயே கழிந்துவிடும்.

3. வீட்டைத் தயார் செய்தல்

மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு நாயைக் கட்டுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. காக்கருக்கு அது ஆகவே ஆகாது. வெயில் ஒரு காரணம். தனிமை அதைவிடப் பெரிய காரணம். கூடத்திலோ சமையலறைக்கு வெளியேயுள்ள நடையிலோ, ஆட்கள் புழங்கும் இடத்தின் ஓரமாக, சிமெண்டுத் தரையோ கல் தரையோ உள்ள ஒரு மூலையை ஒதுக்குங்கள். அங்கே கதவுள்ள கம்பிக் கூண்டு ஒன்றை வையுங்கள். அது தண்டிப்பதற்கான இடம் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். கூண்டுக்குள் இருக்கும் நாயை யாரும் சீண்டக் கூடாது.

வாங்க வேண்டியவை குறைவு: கழுத்துப் பட்டை, மார்புப் பட்டை, இரண்டு மீட்டர் வார், 10 மீட்டர் நீளமுள்ள மெல்லிய நைலான் கயிறு, ஒரு விசில், வாய் குறுகிய ஆழமான கிண்ணம் இரண்டு. அகன்ற தட்டில் சாப்பிட்டால் தொங்கும் காதுகள் சோற்றிலும் தண்ணீரிலும் புரளும். குறுகிய கிண்ணத்தில் மூக்கு மட்டும் உள்ளே போகும், காதுகள் வெளியே விழும். விசில் எதற்கு என்பது 6ஆம் பகுதியில் வருகிறது.

அப்புறப்படுத்த வேண்டியவைதான் அதிகம். எலி மருந்து, கொசு விரட்டித் திரவம், பினாயில், தைக்கும் ஊசி, பிள்ளைகளின் அழிப்பான், காலுறை என நாயின் வாய்க்கு எட்டும் எல்லாமும் அதற்கு எட்டாத உயரத்துக்குப் போக வேண்டும். வாசலில் பூசைக்கென்று அரளி வைத்திருப்பவர்கள் அதைச் சுற்றி வலை கட்டிவிடுங்கள். அரளியின் இலை, பூ, தண்டு அனைத்தும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. எதையும் கவ்விப் பார்க்கும் குட்டி அதையும் கவ்வும். செருப்புகளுக்கு மூடியுள்ள அலமாரி வாங்குவது பயிற்சியைவிட மலிவு.

4. முதல் பத்து நாட்கள்

குட்டி வந்த அன்று உறவினர்களை அழைக்க வேண்டாம். கூண்டுக்குள் பழைய பருத்திச் சேலையை மடித்துப் போட்டு, முதல் சில இரவுகள் அந்தக் கூண்டை உங்கள் பாய்க்கு அருகிலேயே வையுங்கள். இருட்டில் முனகும்போது கையைக் கம்பியின் மேல் வைத்தால் போதும். வெளியே எடுத்துக் கொஞ்சினால், முனகினால் வெளியே வரலாம் என்ற கணக்கைக் குட்டி ஓர் இரவிலேயே போட்டுவிடும்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாடி நின்றதும் தூக்கிக்கொண்டு போய் ஒரே இடத்தில் விடுங்கள். பின்வாசல் மண்ணோ, மாடியில் ஒரு தட்டில் கொட்டிய மணலோ எதுவானாலும் சரி. சிறுநீரோ மலமோ இருந்து முடித்த கணமே ஒரு சிறு துண்டு தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கை அதில் தேய்ப்பது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது போன்றவற்றால் நாய் கற்பது ஒன்றே: ஆள் பார்க்கும்போது இருக்கக் கூடாது. அதன் பிறகு அது கட்டிலுக்கு அடியில் போய் இருக்கும்.

இந்த நாட்களில் தினமும் ஒரு வேலையைச் செய்தே ஆக வேண்டும். குட்டியை மடியில் வைத்து ஒரு காதைத் தூக்கி உள்ளே பாருங்கள், ஒரு விரலால் உதட்டை விலக்குங்கள், நான்கு பாதங்களின் இடுக்குகளையும் தொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு கோழி. ஆயுள் முழுவதும் இந்த நாய்க்குக் காது சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். வளர்ந்து, காது வலி வந்த பிறகு முதன்முறையாகக் கையை வைத்தால் கடி வாங்குவது இயல்பு.

5. தடுப்பூசி முடியும் முன்னரே ஊரைக் காட்டுதல்

ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசிகள், மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வார வயது வரை தொடரும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதை ஒட்டிப் போடப்படும், பிறகு ஆண்டுதோறும். குடற்புழு மருந்தையும் எடை பார்த்து மருத்துவர் சொல்லும் நாள்களில் கொடுங்கள். அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்; மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் வளர்ப்பு நாய் உரிமம் பற்றி விசாரிக்கும்போதும் அதுதான் தேவைப்படும்.

குட்டிகளுக்கு இரத்த வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ நச்சுயிரி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும் என்பதால், ஊசி முடியாத குட்டியைத் தெருவில் நடக்க விடக் கூடாது. ஆனால் குட்டி உலகத்தைப் பயமின்றி ஏற்றுக்கொள்ளும் பருவம் சுமார் 14 வாரத்தோடு மங்கத் தொடங்குகிறது. ஊசிக்காகக் காத்திருந்து நான்கு மாதம் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால், பிறகு டவுன் பஸ்ஸின் ஹாரனுக்கே சாக்கடை ஓரம் ஒதுங்கும் நாய்தான் மிஞ்சும். இந்த முரண்பாட்டுக்குத் தீர்வு எளிது: தூக்கிக்கொண்டு போங்கள்.

தெப்பக்குளத்தின் கைப்பிடிச் சுவரில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்காருங்கள். ஷேர் ஆட்டோ, பால்காரரின் வண்டி, தூரத்தில் கொட்டு, பஜ்ஜிக் கடையின் எண்ணெய் வாடை என ஒவ்வொன்றாகக் கடந்து போகும். ஒவ்வொரு புதுச் சத்தத்துக்கும் ஒரு துண்டு தின்பண்டம். குட்டியின் காதுகளின் அடிப்பகுதி பின்னால் ஒட்டிக்கொண்டு, வாயை இறுக மூடி, தின்பண்டத்தை மறுத்தால் அது பயந்திருக்கிறது; இன்னும் தள்ளிப் போய் உட்காருங்கள். மூக்கு ஆடிக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது.

6. மூன்று பாடங்கள்: வா, இரு, கொடு

இந்த மூன்றும் படிந்த பிறகுதான் கயிற்றை அவிழ்க்கும் பேச்சு. ஆறு மாதம் ஆனாலும் அப்படியே.

முதல் தடை வீட்டுக்குள்தான் இருக்கிறது. அப்பா "கம்" என்பார், அம்மா "வா" என்பார், பாட்டி "ஏய், இங்கிட்டு வாடா" என்பார், பையன் பெயரை மட்டும் ஏழு முறை கத்துவான். ஒரே செயலுக்கு நான்கு சொற்கள் இருந்தால் நாய்க்கு எதுவும் சொல் அல்ல, வெறும் இரைச்சல். ஒரு தாளில் மூன்று சொற்களையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். வீட்டிலுள்ள அனைவரும் அவற்றை மட்டுமே சொல்ல வேண்டும். விசில் இங்கேதான் கை கொடுக்கிறது. யார் ஊதினாலும் ஒரே ஒலி. கோபமும் அதில் தெரியாது, காற்றில் தொலைவுக்கும் போகும்.

"வா": சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் இரண்டு குறும் ஒலி ஊதிவிட்டு, உடனே கிண்ணத்தை வையுங்கள். சில வாரங்களுக்கு ஒவ்வொரு வேளையும் இதுவே. பிறகு வேறு அறையிலிருந்து ஊதுங்கள், அதன் பிறகு மாடியிலிருந்து, அப்புறம் வெளியே 10 மீட்டர் கயிற்றில். வந்த நாய்க்கு எப்போதும் ஏதாவது நல்லது கிடைக்க வேண்டும். குளிப்பாட்டவும், கூண்டில் அடைக்கவும், திட்டவும் விசில் ஊதி அழைப்பதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை. அப்படிச் சில முறை நடந்தால் நாய் விசில் கேட்டதும் மேசைக்கு அடியில் போய்விடும். பிடிக்காத வேலைக்கு நீங்களே நடந்து போய் நாயை எடுத்துக்கொள்ளுங்கள்.

"இரு": கிண்ணத்தைக் கீழே இறக்குங்கள், நாய் பாய்ந்தால் கிண்ணம் மேலே போகட்டும், பின்பக்கம் தரையில் பட்டு அமர்ந்தால் கீழே வரட்டும். ஒரு சொல்லும் பேசாமல் இதைச் செய்தால், அவசரப்பட்டால் சோறு தூரம் போகிறது, அடங்கினால் பக்கத்தில் வருகிறது என்பதை அதுவே கண்டுபிடிக்கும். அமர்வது வழக்கமான பிறகே சொல்லைச் சேருங்கள். அடுத்து, வாசல் கதவு திறக்கும்போது இரு, வார் மாட்டும்போது இரு, எறிந்த பொருள் உருளும்போது இரு. பறவை கிளம்பிய கணத்தில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது இந்த இனத்தின் தொழில் விதி. எனவே இதைக் கற்கும் நாட்டம் அதற்கு உள்ளேயே இருக்கிறது, நாம்தான் பயன்படுத்துவதில்லை.

"கொடு": காக்கர் செருப்பைக் கவ்விக்கொண்டு வாலை ஆட்டியபடி உங்கள் முன் வந்து நின்றால், அது திருட்டு இல்லை. தன் தொழிலைச் செய்துவிட்டு ஒப்படைக்க வந்திருக்கிறது. அந்த நேரத்தில் கத்தி, துரத்தி, வாயைப் பிளந்து பிடுங்கினால் இரண்டில் ஒன்று நடக்கும். கவ்வியதை எடுத்துக்கொண்டு ஓடும் விளையாட்டாக அது மாறும். அல்லது, மூலையில் போய் அதன் மேல் படுத்துக்கொண்டு உறுமும் பழக்கமாக முற்றும். இரண்டாவது இந்த இனத்தில் குடும்பங்களை நிலைகுலைய வைக்கும் பிரச்சினை. ஆகவே முதல் நாளிலிருந்தே மாற்றுப் பண்டம்: நீங்கள் குனியாமல், கையை நீட்டி, மறு கையில் அவித்த கோழித் துண்டைக் காட்டுங்கள், பொருளை விட்டதும் "கொடு" என்று சொல்லி, துண்டைக் கொடுத்து, ஆபத்தில்லாத பொருளானால் அதையே திருப்பியும் கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் இழப்பில்லை என்று தெரிந்த நாய் எதையும் கையில் வைக்கும், விழுங்கக் கூடாத கண்ணாடித் துண்டையும் கூட.

7. மூக்குக்கு வேலை கொடுத்தல்

மதுரையில் காக்கர் வளர்ப்பதன் சூத்திரம் இதுதான். பத்து நிமிடம் கவனமாகத் தேடிய நாய் தண்ணீர் குடித்துவிட்டு நீட்டிப் படுக்கிறது. அரை மணி நேரம் பந்தின் பின்னால் ஓடிய நாய் இன்னும் பந்தைக் கேட்டுக் குரைக்கிறது. கூடத்தில் மின்விசிறிக்கு அடியிலேயே செய்ய முடிவதால், அக்கினி நட்சத்திரத்திலும் இந்த வேலை நிற்காது.

முதல் படி: நாயை இருக்கச் சொல்லிவிட்டு, அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றடி தள்ளி ஒரு துண்டு அவித்த ஈரலை வைத்து, "தேடு" என்று விடுங்கள். பார்த்து எடுப்பதால் இது தேடலே இல்லை. சொல்லுக்குப் பொருள் ஏற்றுவதற்காக மட்டும்.

இரண்டாம் படி: சுருட்டிய கோரைப்பாயின் மடிப்பில், கதவிடுக்கில், நாற்காலிக் காலுக்குப் பின்னால் வையுங்கள். இப்போது நாயின் தலை தாழ்ந்து, மூச்சு குறுகக் குறுக விட்டு இழுக்கும் சத்தம் கேட்கும், வால் வேகமாக அடிக்கும். வாடையின் விளிம்பைத் தாண்டியதும் நாய் சட்டென்று திரும்பும். அந்தத் திருப்பத்தைக் கவனித்துப் பழகுங்கள், ஏனென்றால் பின்னால் வெளியில் நடக்கும்போது மயிலோ கீரியோ பக்கத்தில் இருப்பதை உங்களுக்கு அறிவிக்கப் போவது அதே திருப்பம்தான்.

மூன்றாம் படி: தின்பண்டத்துக்குப் பதிலாகப் பொருள். பழைய காலுறைக்குள் துணியைத் திணித்துத் தைத்து ஒரு பொதி செய்யுங்கள். அதை நாய் பார்க்காதபோது வேறு அறையில் ஒளித்து வைத்து, தேடி எடுத்துவந்து கையில் கொடுத்தால் ஈரல் என்ற ஒப்பந்தத்துக்கு வாருங்கள். வாசலில் பொதியை வாங்கிக்கொள்ளும்போது உடனே பிடுங்காமல், கழுத்தைத் தடவியபடி சிறிது நேரம் வாயிலேயே வைத்திருக்க விடுவது நல்லது. தூக்கி வந்ததன் பெருமை அதற்கு வேண்டும்.

நான்காம் படி: இருட்டிய பின், தரை குளிர்ந்த பிறகு, மாடியிலோ வீட்டுத் தோட்டத்திலோ. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, நாயைக் காற்றுக்கு எதிராக அனுப்புங்கள். காற்றுக்கு முதுகு காட்டி அனுப்பிவிட்டு "இதற்கு மூக்கே இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு.

கண்டுபிடிக்க முடியாமல் நாய் உங்கள் முகத்தைப் பார்த்தால் கையைக் காட்டாதீர்கள். இரண்டடி அந்தப் பக்கம் நடந்தால் போதும். ஒவ்வொரு முறையும் கடைசித் தேடல் எளிதாக இருக்கட்டும். பந்தை இருபது முறை தொடர்ந்து எறிவது மட்டும் வேண்டவே வேண்டாம். மூட்டு முற்றாத குட்டிக்கு அது கேடு, வளர்ந்த நாய்க்கு அது வெறி. ஒரு வேளைக்கு நான்கைந்து எறிதல், அதிலும் பாதியை நாய் அமர்ந்திருக்க நீங்களே போய் எடுங்கள்.

8. வெளியே போதல்: நேரம், தரை, உயிரினங்கள்

சித்திரை, வைகாசியில் காலை ஆறரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். மாலையில் ஏழரைக்கு முன் கிளம்ப வேண்டாம். புறங்கையைத் தார்ச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாதது அதன் பாதத்துக்கும் முடியாது. சூரியன் மறைந்ததும் காற்று குளிர்ந்தாலும் தார் வெகுநேரம் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். வளர்ந்த நாய்க்கு நாளைக்கு ஒரு மணி நேர நடை, இரண்டாகப் பிரித்தால் போதும். ஓராண்டு நிறையாத குட்டிக்கு அதைவிடக் குறைவு; மாடிப்படி இறங்கி ஏறும் ஓட்டமும் கூடாது.

கண்மாய்க் கரைகள் நல்ல நடைபாதைகள், ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் பாதத்திலும், ஒட்டுப்புல்லின் விதைகள் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் ஏறும்; அந்த விதை தோலைத் துளைத்து உள்ளேயே பயணிக்கக் கூடியது. தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம் என்பதால், அதற்கான தடுப்பூசி போடாத நாயை இறக்க வேண்டாம். கழிவுநீர் கலக்கும் இடங்களில் வைகைக்குள் இறக்குவதும் அப்படியே.

அழகர்மலை அடிவாரத்திலும், கீழக்குயில்குடி சமணர் மலைப் பக்கத்திலும், நகரை ஒட்டிய வயல்களிலும் மயில்கள் ஏராளம். பறவையைக் கிளப்புவதற்காகவே பிறந்த நாய்க்கு அது சொர்க்கம், உங்களுக்கு வழக்கு. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மயிலை முதல் பட்டியலில் வைத்திருக்கிறது, விரட்டுவதையும் வேட்டை என்ற சொல்லுக்குள் சேர்த்திருக்கிறது. எனவே அங்கெல்லாம் 10 மீட்டர் கயிறு அவிழாது, "வா" எவ்வளவு நன்றாகப் படிந்திருந்தாலும். கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டாமல் மார்புப் பட்டையில் கட்டுங்கள். பாய்ந்து கயிற்றின் நுனியை எட்டும்போது கழுத்து தப்பும். ஆட்டு மந்தை எதிரே வந்தால், கிடை போடுபவர் சொல்லும் முன்னரே ஓரமாக ஒதுங்கி நாயை அமர வையுங்கள்.

தெருநாய்கள் பற்றி: ஒரே தெருவில், ஒரே நேரத்தில் நடந்தால் சில வாரங்களில் அவை உங்களை அடையாளம் கண்டுகொள்ளும். நெருங்கி வந்தால் நாயைத் தூக்காதீர்கள், தூக்கினால் அவை உங்கள் மேல் தாவும். நாய்க்கும் அவற்றுக்கும் நடுவில் நீங்கள் நின்று, மெல்லப் பின்வாங்குங்கள்.

9. காது, முடி, உண்ணி

தொங்கும் காதுக்குள் காற்றுப் போகாது, ஈரம் காயாது. வாரம் ஒரு முறையும், குளித்த பின்னும், தண்ணீரில் இறங்கி வந்த பின்னும் இதைச் செய்யுங்கள். மருத்துவர் தரும் காது கழுவும் திரவத்தைத் துவாரம் நிறைய விட்டு, காதின் அடிப்பகுதியை விரல்களால் பிசையுங்கள். சளக் சளக் என்று சத்தம் வரும். பிறகு கையை எடுத்தால் நாய் தலையை உதறும், அழுக்கு மேலே வந்துவிடும். விரலில் சுற்றிய பஞ்சால் கண்ணுக்குத் தெரியும் இடத்தை மட்டும் துடையுங்கள். குச்சியில் சுற்றிய பஞ்சு அழுக்கை உள்ளே தள்ளும். தேங்காய் எண்ணெய் விடுவது ஈரத்தை இன்னும் பிடித்து வைக்கும்.

காது மடலின் உட்புறத்து முடியையும் விரலிடுக்கு முடியையும் மாதம் ஒரு முறை குட்டையாக வெட்டுங்கள். கோடை என்பதற்காக உடம்பு முழுவதும் தோல் தெரிய மழிக்க வேண்டாம். வெயில் நேராகத் தோலில் படும். வயிற்றுப் பக்கமும் தொடையிடுக்கும் குட்டையாக இருந்தால் தரையின் குளிர்ச்சி நாய்க்குக் கிடைக்கும்.

உண்ணிதான் நம் ஊரில் நாய்களுக்கு எமன். எர்லிக்கியா, பபீசியா ஆகிய இரத்த நோய்களைக் கடத்துவது அதுவே. தினமும் இரவில் காது மடலின் ஓரம், கழுத்துப் பட்டையின் அடி, விரலிடுக்கு ஆகிய இடங்களில் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். மிளகு போலத் தட்டுப்பட்டால் முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் தடவுவதும், மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தை உத்தேசமாகக் கலந்து ஊற்றுவதும் நாயைக் கொல்லலாம். எடைக்கு ஏற்ற மாத்திரையை மருத்துவர் எழுதித் தருவார். உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் சுவர் வெடிப்பிலும் கதவு நிலையின் இடுக்கிலும் கழிக்கிறது, முட்டையும் அங்கேதான். வெடிப்புகளைச் சிமெண்டு பூசி அடைக்காமல் நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் கணக்கு முடியவே முடியாது.

10. உணவு

குட்டிக்கு நான்கு வேளை, ஆறு மாதத்துக்குப் பின் இரண்டு வேளை. உப்பும் மசாலாவும் சேர்க்காமல் அவித்த கோழி, முட்டை, கொஞ்சம் சோறு, பூசணி, கேரட் என்று வீட்டிலேயே சமைத்தால் சுண்ணாம்புச் சத்துக் குறையும்; அதற்கு என்ன சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். வேகவைத்த எலும்பு கூர்மையாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம், திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட் எதுவும் கூடாது. கேசரியிலும் பாயசத்திலும் கிஸ்மிஸ் ஒளிந்திருக்கும்.

காக்கருக்குப் போதும் என்ற எண்ணமே வராது. அது பார்க்கும் பார்வைக்காகக் கொடுத்தால் 20 கிலோவுக்குப் போய்விடும். விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமலும், தடவினால் கைக்குத் தட்டுப்பட்டும் இருக்க வேண்டும். பயிற்சிக்குக் கொடுக்கும் துண்டுகளை அன்றைய உணவிலிருந்தே கழியுங்கள்.

11. குழந்தைகளும் வேட்டுச் சத்தமும்

ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தையையும் நாயையும் பெரியவர் இல்லாமல் ஒரே அறையில் விடாதீர்கள், நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது என்பது பிள்ளைகளுக்கு ஒரே விதி. பல் பட்டுக் கீறினால், ஊசி போட்ட நாய்தானே என்று விடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு இராசாசி மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.

துப்பாக்கிக்குப் பழகிய இனம், வெடிக்கு அஞ்சாது என்று எண்ண வேண்டாம்; வேலைக்குச் செல்லும் நாய்களையும் சத்தத்துக்குப் படிப்படியாகத்தான் பழக்குகிறார்கள். கைப்பேசியில் வேட்டுச் சத்தத்தை மிகத் தாழ்வாக ஒலிக்கவிட்டு, அந்த நேரத்தில் தேடும் விளையாட்டை வையுங்கள். நாய் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும் அளவுக்கு மட்டும் நாளுக்கு நாள் ஒலியைக் கூட்டுங்கள். தீபாவளிக்கும், தெருவில் சாமி புறப்பாட்டுக்கும் முன்னதாக நடையை முடித்துவிட்டு, உள்ளறையில் மின்விசிறியைச் சுழலவிட்டுக் கூண்டின் மேல் போர்வை போடுங்கள். மார்புப் பட்டையும் பெயர்ப் பட்டையும் அன்று கழற்றப்படாமல் இருக்கட்டும். நாய்கள் தொலைவது பெரும்பாலும் அந்த இரவுகளில்தான்.

12. எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்

நாக்கு அகன்று தொங்கி, எச்சில் கெட்டியாகி, ஈறு செக்கச் சிவந்து, நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. ஆட்டோ தேடுவதற்கு முன் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுவதும், முக்கியமாக வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றி, விசிறியைத் திருப்புங்கள். ஈரத் துண்டைப் போர்த்திவிட்டு அப்படியே விட்டால் துண்டே சூடாகி வெப்பத்தை உள்ளே அடைக்கும். குளிரவைத்துக்கொண்டேதான் பயணம்.

வெளிறிய ஈறு, மூக்கில் இரத்தம், ஓரிரு நாள் சாப்பிட மறுத்தல், காப்பி நிறச் சிறுநீர் ஆகியவை உண்ணிக் காய்ச்சலின் அறிகுறிகள். இரத்தப் பரிசோதனை அன்றே நடக்க வேண்டும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே இருந்தாலோ, காது மடல் பலூன் போல வீங்கினாலோ, வீட்டு மருந்து எதையும் விடாமல் கொண்டுபோங்கள். உள்ளூரில் முடியாத சிகிச்சைக்குத் தேனியிலும் திருநெல்வேலியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பகலில் போக நேர்ந்தால் குளிரூட்டிய வாகனமாகப் பாருங்கள், இல்லையென்றால் விடியும் முன் கிளம்பிவிடுங்கள். தடுப்பூசி அட்டை, கடைசியாகக் கொடுத்த மாத்திரைகளின் உறை, நாயின் தற்போதைய எடை ஆகிய மூன்றும் பையில் இருந்தால் அங்கே முதல் அரை மணி நேரம் மிச்சமாகும்.